கில்மார்ட்டினுக்கு முதல் தடவை போறீங்களா? எங்க ஆரம்பிச்சு எப்படி சுத்துறதுன்னு ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்துன்னா நம்மாளுங்க போடுற பிளான் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், எடின்பரோ கோட்டை, க்ளென்கோ, லாக் நெஸ், நேரம் இருந்தா ஸ்கை தீவு, அவ்ளோதான். மேற்குக் கரையில ஆர்கைல் பக்கம் கில்மார்ட்டின்னு ஒரு குட்டிக் கிராமம் இருக்கு, அது யார் லிஸ்ட்லயும் வராது. வந்தாலும் ஓபான்ல இருந்து கீழ வர்ற வழியில ஒரு அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி, ரெண்டு கல்லு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுறாங்க. அப்படிப் போறதா இருந்தா போகவே வேணாம்னுதான் நான் சொல்வேன். கிராமத்தைச் சுத்தி ஆறு மைல் வட்டத்துக்குள்ள 800க்கு மேல பழைய சின்னங்கள் இருக்கு, அதுல 150 கிட்ட வரலாறு எழுதுறதுக்கு முந்தின காலத்தோடது. இதை அரை மணி நேரத்துல என்னத்தப் பாக்குறது? முழுசா ரெண்டு நாள் ஒதுக்குங்க. ஒரு நாள்தான் கிடைக்கும்னா எதை விடலாம்னு அங்கங்க சொல்லிட்டே வரேன்.

எப்போ போறது

ஏப்ரல் கடைசியில இருந்து மே முடியற வரைக்கும், இல்லன்னா செப்டம்பர். இதுதான் என் சாய்ஸ். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல ரொம்ப நேரம் வெளிச்சம் இருக்கும், ஜூன், ஜூலைல ராத்திரி பத்து மணி வரைக்கும் கூட, அது பெரிய பிளஸ்தான், ஆனா மிட்ஜ்னு ஒரு குட்டிப் பூச்சி இருக்கு, கண்ணுக்கே சரியா தெரியாது, கூட்டம் கூட்டமா வந்து மொய்க்கும், காத்து நின்னுபோன காலையிலயும் சாயங்காலமும் ஒரு இடத்துல ஒரு நிமிஷம் நிக்க விடாது. நல்ல காத்து அடிச்சா வராது, சுள்ளுனு வெயில் அடிச்சாலும் குறையும். அந்த மாசங்கள்ல போறதா இருந்தா மிட்ஜ் ஸ்ப்ரேயும் தலையில மாட்டுற வலையும் வாங்கிக்கங்க, வலை போட்டா பாக்க காமெடியாத்தான் இருக்கும், பரவால்ல, அங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க.

குளிர்காலத்துல டிசம்பர்னா நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும். மியூசியம், சாப்பாட்டுக் கடை, தங்குற இடம் எல்லாத்துக்கும் சீசன் கணக்கு இருக்கு, அதனால முன்னாடியே வெப்சைட்ல நேரம் பாத்துக்கங்க. மழை எந்த மாசமும் வரும், அது மேற்கு ஸ்காட்லாந்து, அதைப் பத்திக் கவலைப்பட்டு பிரயோஜனம் இல்ல. குடை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க அடிக்கிற காத்துக்கு திருப்பிக்கும். நல்ல ரெயின் ஜாக்கெட், தண்ணி இறங்காத ஷூ, ஒரு செட் மாத்து சாக்ஸ். இந்த சாக்ஸ் விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க, ஆட்டு மேய்ச்சல் வயல்லதான் பாதி நேரம் நடக்கணும், புல்லு எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்.

எப்படிப் போய்ச் சேர்றது

கார் இருந்தா வேலை சுலபம். கிளாஸ்கோல இருந்து ஏ82 ரோட்டுல லாக் லோமண்ட் ஏரிக் கரையோரமா டார்பெட் வரைக்கும், அங்க இடது பக்கம் ஏ83 பிடிச்சு அரோகார், இன்வெரேரி, லாக்கில்ப்ஹெட், அங்க இருந்து ஏ816ல வடக்கால ஒரு எட்டு மைல். நிறுத்தாம ஓட்டினா ரெண்டரை மணி நேரம் வரும், ஆனா வழி பூரா நிறுத்தத் தோணும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க. இன்னொண்ணு, ஏ83ல 'ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்'னு ஒரு மலைக் கணவாய் வரும், பெருமழை பெஞ்சா அங்க மண்சரிவு வந்து ரோட்டை மூடிடுவாங்க, சில நேரம் கீழ இருக்கிற பழைய ராணுவ ரோட்டு வழியா வரிசையா விடுவாங்க, அதுவும் முடியலன்னா ரொம்பச் சுத்தணும். கிளம்புற அன்னைக்குக் காலையில டிராஃபிக் ஸ்காட்லாந்து வெப்சைட்டை ஒரு தடவை பாத்துட்டு கிளம்புங்க.

ஓபான்ல இருந்து வர்றவங்களுக்கு அதே ஏ816ல தெற்கால ஏறக்குறைய 30 மைல். வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, பின்சீட்டுல வாந்தி வர்ற ஆள் இருந்தா முன்னாடி உக்கார வைங்க.

இந்தியாவுல இருந்து வர்றவங்க நம்ம ஊர் லைசென்ஸை வெச்சே வந்ததுல இருந்து 12 மாசம் வரைக்கும் கார் ஓட்டலாம், இடது பக்கம் ஓட்டுறதுங்கறதால அது ஒண்ணும் புதுசா இருக்காது. புதுசா இருக்கறது சிங்கிள் ட்ராக் ரோடு. ஒரு வண்டி அகலம்தான் இருக்கும், நடுநடுல 'பாஸிங் ப்ளேஸ்'னு போர்டு வெச்சு கொஞ்சம் அகலமா விட்டிருப்பாங்க, எதிர்ல வண்டி வந்தா யாருக்கு அது பக்கமோ அவங்க நின்னு வழி விடணும், அது உங்க வலது பக்கம் இருந்தா அதுக்குள்ள திருப்பாம அதுக்கு எதிர்லயே இடது ஓரமா நின்னா போதும். பின்னாடி உள்ளூர்க்காரர் ஒட்டிட்டு வந்தா அவரை முன்னாடி விட்டுடுங்க. வழி விட்டவங்களுக்கு ஒரு கை தூக்கிக் காட்டுறது அங்க பழக்கம். பாஸிங் ப்ளேஸ்ல பார்க் பண்ணிட்டு போட்டோ எடுக்கப் போறது மட்டும் செய்யவே கூடாது. குடிச்சுட்டு ஓட்டுற லிமிட்டும் ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்ல இருந்து இங்கிலாந்தை விடக் கம்மி, ஒரு பைண்ட் பீரால கூட சிக்கலாகலாம், அதனால ஓட்டுறவர் ஜூஸோட நிறுத்திக்கிறதுதான் நல்லது.

கார் இல்லையா? முடியும், ஆனா பொறுமை வேணும். கிளாஸ்கோல இருந்து கேம்பல்டவுன் போற சிட்டிலிங்க் பஸ் லாக்கில்ப்ஹெட் வழியா போகும், அங்க இருந்து ஓபான் போற லோக்கல் பஸ் கில்மார்ட்டின்ல நிக்கும். இல்லன்னா கிளாஸ்கோ க்வீன் ஸ்ட்ரீட்ல ரயில் ஏறி மூணு மணி நேரத்துல ஓபான், அங்க இருந்து அதே லோக்கல் பஸ்ஸை இந்தப் பக்கமா பிடிக்கணும். அந்த லோக்கல் பஸ் ஒரு நாளைக்கு சில ட்ரிப்தான், வீக்கெண்ட்ல இன்னும் குறைவு, திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குன்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் போற பஸ்ஸைப் பாருங்க.

தங்கறது, சாப்பாடு

கில்மார்ட்டின் ஒரு தெருவு ஊர். சர்ச், மியூசியம், ஒரு ஓட்டல், கொஞ்சம் வீடுங்க, அவ்ளோதான். சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க், மருந்துக் கடை எல்லாம் லாக்கில்ப்ஹெட்லதான். நான் சொல்றது, லாக்கில்ப்ஹெட் இல்லன்னா கேர்ன்பான் பக்கம் காலைச் சாப்பாட்டோட ரூம் குடுக்கிற ஒரு பி அண்ட் பி பாத்துத் தங்குங்க, கில்மார்ட்டின்லயே கிடைச்சா அதிர்ஷ்டம், விடக்கூடாது. சைவம் சாப்பிடுறவங்களுக்கு சூப், சாண்ட்விச், உருளைக்கிழங்கு வகையறா கிடைக்கும், ஆனா கிராமத்துல கிச்சன் சீக்கிரம் மூடிடுவாங்க, எட்டரைக்கு மேல போய் நின்னா பட்டினிதான். மத்தியானத்துக்கு புளிசாதமோ சப்பாத்தி ரோலோ கட்டி எடுத்துட்டுப் போறது பெஸ்ட், நடக்குற வழியில கடைன்னு ஒண்ணும் கிடையாது.

முதல்ல மியூசியம்

நிறைய பேர் வெயில் அடிக்குதேன்னு நேரா கல்லைப் பாக்க ஓடிடுவாங்க, மழை வந்தா மட்டும் மியூசியத்துக்குள்ள ஒதுங்குவாங்க. தலைகீழா பண்ணுங்க. கில்மார்ட்டின் மியூசியம் 1997ல ஆரம்பிச்சது, பெரிய அளவுல கட்டி விரிவாக்கி 2023ல மறுபடி திறந்தாங்க, டிக்கெட் உண்டு. இங்க ஒரு மணி நேரம் செலவு பண்ணாம வெளிய போனா எல்லாமே வெறும் கல்லாத்தான் தெரியும்.

உள்ள என்னத்தைத் தேடணும்னு மட்டும் சொல்றேன். இந்தப் பள்ளத்தாக்குல ஏன் இவ்வளவு குவிஞ்சு கிடக்குங்கற கேள்வியோட சுத்துங்க. க்ரினான் பக்கம் கடல்ல வந்து இறங்கினா உள்நாட்டுக்குப் போறதுக்கு இந்தத் தட்டையான பள்ளத்தாக்குதான் லேசான வழி. 4,000 வருஷத்துக்கு முந்தி செம்பும் வெண்கலமும் புதுசா வந்துட்டிருந்த காலத்துல அயர்லாந்து செம்பு இந்தப் பக்கமாதான் ஸ்காட்லாந்துக்குள்ள போயிருக்கணும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, வழியைக் கையில வெச்சிருந்தவங்க பெரிய ஆளுங்களா ஆயிட்டாங்க, அவங்க கல்லறைங்கதான் வெளிய வரிசையா நிக்குது. இங்க கல்லறைகள்ல ஜெட் நெக்லஸ் கிடைச்சிருக்கு. ஜெட்னா கல்லா இறுகிப்போன பழங்கால மரம், கருகருன்னு பளபளக்கும். அது இங்கிலாந்தோட கிழக்குக் கரையில விட்பி பக்கம் கிடைக்கிற சரக்கு. அங்க இருந்து இவ்வளவு தூரம் வந்து இந்தக் கிராமத்துப் பெரிய வீட்டு ஆள் கழுத்துல ஏறியிருக்குன்னா, அந்தக் காலத்துல இது ஒதுக்குப்புறம் கிடையாதுங்க, ஜங்ஷன்.

கிளம்புறதுக்கு முன்னாடி கவுண்டர்ல மேப் வாங்கிட்டு, எந்தெந்த இடம் இப்போ திறந்திருக்குன்னு கேட்டுக்கங்க. பழைய கட்டடங்கள், இடிஞ்சு விழுமான்னு சோதிக்கிறதுக்காக திடீர்னு வேலி போட்டு மூடுறது அங்க சகஜம்.

சர்ச் தோட்டம்

மியூசியத்துக்குப் பக்கத்துலயே. இருபது நிமிஷம் போதும், ஆனா விடாதீங்க. 14ல இருந்து 16ஆம் நூற்றாண்டு வரைக்குமான கல்லறைப் பலகைங்க இங்க நிறைய இருக்கு, நீளமான வாள், கொடி கொடியா பின்னல் வேலைப்பாடு, கவசம் போட்ட வீரன். மழையில தேய்ஞ்சுடாம இருக்க கொஞ்சத்தை ஒரு கல் மண்டபத்துக்குள்ள வெச்சிருக்காங்க. கண்ணு பழகுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல வெளிச்சம் விழுற மாதிரி குனிஞ்சு பாத்தா வாளோட பிடி முதல்ல தெரியும், அப்புறம் ஒவ்வொண்ணா வரும். அங்க நின்னு பள்ளத்தாக்குப் பக்கம் பாத்தீங்கன்னா கீழ வயல்ல ஒரு பெரிய சாம்பல் நிறக் கற்குவியல் தெரியும். அதுதான் க்ளீப் கெய்ர்ன், அடுத்து நாம போற இடம்.

கல்லறை வரிசை: முதல் நாளோட முக்கியமான நடை

கெய்ர்ன்னா செத்தவங்களைப் புதைச்ச கல் பெட்டி மேல குவிச்ச கற்குவியல். இங்க அஞ்சு கெய்ர்ன் வடக்குல இருந்து தெற்கால ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரே வரிசையில இருக்கு. க்ளீப், நெதர் லார்கி வடக்கு, நடு, தெற்கு, கடைசியா ரீ க்ருயின். கிராமத்துல இருந்து கால்நடையாவே எல்லாத்தையும் பாத்துடலாம், நடக்க முடியாதவங்க லேடி க்ளாஸரி வுட் கார் பார்க்ல நிறுத்திட்டு டெம்பிள் வுட் கல் வட்டத்தையும் செங்குத்தா நட்டு வெச்ச கற்களையும் மட்டும் பாத்துட்டு வரலாம், தரை பெரும்பாலும் சமம்.

வரிசையா போறப்போ ஒரே ஒரு விஷயத்தைக் கவனிங்க, இது எல்லாமே ஒரே காலத்துது இல்ல. நெதர் லார்கி தெற்குதான் மூத்தது, 5,000 வருஷத்துக்கும் மேல. அது நீளமான கல் அறை, மேல பெரிய பெரிய பலகைக் கல் போட்டு மூடினது, உள்ள குறுக்குக் கல்லு வெச்சு நாலு தடுப்பா பிரிச்சிருப்பாங்க, குனிஞ்சு உள்ள போகலாம். ஒரு ஆளுக்கோ ஒரு குடும்பத்துக்கோ இல்ல, பல பேரை திரும்பத் திரும்ப வெச்ச இடம். மத்த நாலும் அதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு வந்தது, வெண்கல காலம், அதுல தனித்தனி ஆளுக்குன்னு கல் பெட்டி. ஏற்கனவே அந்த இடத்துக்கு ஒரு மரியாதை இருந்திருக்கு, பின்னாடி வந்த பெரிய மனுஷங்க அதே வரிசையில தங்களையும் சேத்துக்கிட்டாங்க.

எனக்கு இதுல பிடிச்சது நெதர் லார்கி வடக்குதான். 1930ல தோண்டிட்டு திரும்ப மூடும்போது மேல ஒரு புது கூரை போட்டு, இறங்குறதுக்கு ஒரு திறப்பு வெச்சாங்க, அது திறந்திருந்தா ஏணிப்படியில உள்ள இறங்கிப் பாக்கலாம். பெட்டியோட மூடிக் கல்லை தூக்கி வெச்சிருப்பாங்க, அதுல பத்துக்குக் குறையாம கோடாலித் தலைங்க செதுக்கியிருக்கு, கைப்பிடி இல்லாம வெறும் தலை மட்டும், வாய்ப்பக்கம் விரிஞ்சு, சின்னச் சின்னதா. அதுங்களுக்கு நடுல குழி குழியா வேற இருக்கு, குழிங்க பழசு, கோடாலிங்களை அப்புறமா மேல செதுக்கியிருக்காங்கன்னு சொல்றாங்க. சும்மா நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, போன் டார்ச்சை கல்லுக்குப் பக்கவாட்டுல தாழ்வா பிடிங்க, நிழல் விழுந்து ஒவ்வொண்ணா எழுந்து வரும். உலோகமே அபூர்வமா இருந்த நேரத்துல செத்தவரோட தலைக்கு மேல கோடாலியை செதுக்கி வெச்சிருக்காங்க, அதுவும் மூடினதுக்கப்புறம் யாரும் பாக்கவே முடியாத பக்கத்துல.

நடு கெய்ர்ன்ல பாக்க அவ்வளவா ஒண்ணும் மிச்சம் இல்ல, பின்னாடி வந்தவங்க ரோடு போடவும் மதில் கட்டவும் கல்லை அள்ளிட்டுப் போயிட்டாங்க. ரீ க்ருயின்ல ஒருத்தர் சுண்ணாம்புக் காளவாயே கட்டியிருக்கார், அதோட மிச்சம் இன்னும் தெரியும். அங்கயும் கோடாலி செதுக்கல் உண்டு.

நெதர் லார்கி தெற்குக்குப் பக்கத்துலயே டெம்பிள் வுட் கல் வட்டம். ரெண்டு வட்டம் இருக்கு, சின்னது முதல்ல மரக்கம்பத்துல வெச்சு அப்புறம் கல்லுக்கு மாத்தினது. பெருசுல 13 கல் நிக்குது, நடுல ஒரு கல் பெட்டி. வடக்குப் பக்கத்துக் கல் ஒண்ணுல அடியில சுருள் வடிவம் செதுக்கியிருக்கு, கல்லோட ரெண்டு முகத்துலயும் சேர்ந்து போகும். நேரா நடுவுல போய் நின்னுட்டு வந்தா அதைத் தவற விட்டுடுவீங்க, ஒவ்வொரு கல்லா குனிஞ்சு பாருங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயல்ல நெதர் லார்கி நட்ட கற்கள், ஏறக்குறைய மூணு மீட்டர் உயரம், நடுக் கல்லுல குழி குழியா செதுக்கல். இதையும் டெம்பிள் வுட்டையும் அளந்து பாத்துட்டு, நிலா உதிக்கிற மறையிற இடத்தைப் பாக்கறதுக்காக வெச்சதுன்னு அலெக்சாண்டர் தாம்னு ஒரு இன்ஜினியரிங் பேராசிரியர் வாதாடினார். எல்லாரும் ஒத்துக்கல, ஆனா கல்லுங்க ஒரு திசையைக் குறி வெச்சு நிக்குதுங்கறது வெறும் கண்ணுக்கே தெரியும்.

நேரமும் தெம்பும் இருந்தா ஏ816லயே கொஞ்சம் தெற்கால டன்க்ரேகெய்க் கெய்ர்ன். இதுக்குன்னு தனி கார் பார்க் இருக்கு. 2021ல இது பெரிய நியூஸ், ஒருத்தர் ராத்திரி அந்தப் பக்கம் போனவர் டார்ச்சோட உள்ள எட்டிப் பாத்தா மூடிக் கல்லோட அடிப்பக்கத்துல மான் உருவம் செதுக்கியிருக்கு, முழுக் கொம்போட ரெண்டு கலைமான் நல்லா தெரியுது. அதுவரைக்கும் ஸ்காட்லாந்துல அந்தக் காலத்துப் பாறைச் செதுக்கல்னா குழியும் வட்டமும்தான், மிருகமே கிடையாதுன்னு நினைச்சிட்டிருந்தாங்க. 1860கள்லயே தோண்டின கெய்ர்ன் இது, அத்தனை வருஷமா வந்து போன யார் கண்லயும் படல. இப்போ உள்ள எவ்வளவு தூரம் பாக்க விடறாங்கன்னு மியூசியத்துல கேட்டுட்டுப் போங்க. அங்க இருந்தே நடந்து பலுவக்ரைக் பாறைச் செதுக்கலும் பாலிமீனக் கல் வரிசையும் பாத்துடலாம்.

ரெண்டாம் நாள்: காலையில டனாட்

கிராமத்துல இருந்து ஏ816ல தெற்கால நாலு மைல் போனா தட்டையான சதுப்பு நிலத்துக்கு நடுல ஒரு பாறைக் குன்று தனியா நிக்கும். உயரம் 54 மீட்டர்தான், ஆனா சுத்தி வேற எதுவும் இல்லாததால பெருசா தெரியும். இதுதான் டனாட், டால் ரியாட்டாங்கற ராஜ்ஜியத்தோட கோட்டை, கேலிக் மொழி பேசினவங்க ராஜ்ஜியம். வட அயர்லாந்தோட ஆன்ட்ரிம் கரையும் இந்த ஆர்கைல் கரையும் சேர்ந்த ராஜ்ஜியம் அது, நடுல கடல், அவங்களுக்குக் கடல்தான் ஹைவே. ஸ்காட்லாந்துங்கற நாடு பின்னாடி உருவானதுல இந்த மக்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. அயர்லாந்து மடத்துக் குறிப்புகள்ல 683ல டனாட்டை முற்றுகை போட்டதும், 736ல ஸ்காட்லாந்தோட வடக்கு, கிழக்குப் பக்கத்தை ஆண்ட பிக்ட் மக்களோட ராஜா ஓயெங்கஸ் பிடிச்சதும் பதிவாகியிருக்கு.

அடியில சின்ன கார் பார்க், அங்க இருந்து ஏற இருபது நிமிஷம். நடுல பாறைப் பிளவு வழியா நுழையணும், அந்தக் காலத்துல வாசலே அதுதான், ரெண்டு பக்கமும் பாறை, மேல காவல் ஆள் நின்னா எதிரிக்கு வழியே இல்ல. ஈரமா இருந்தா வழுக்கும், பெரியவங்க இருந்தா கையைப் பிடிச்சுக்கங்க.

உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஒரு பாறைத் தளம் வரும். அதுல ஒரு காலடி செதுக்கியிருக்கு, பக்கத்துல ஒரு காட்டுப்பன்றி, ஓகம்ங்கற கோட்டெழுத்துல ஒரு வரி, தள்ளி பாறையில வட்டமா ஒரு குழி. புது ராஜா பட்டம் ஏறும்போது அந்தக் காலடியில கால் வெச்சு நிலத்தோட தன்னைச் சேத்துக்குவார்ங்கறதுதான் பொதுவா சொல்ற விளக்கம். நீங்க பாக்கறது நகல்தான், தேய்ஞ்சு போகக் கூடாதுன்னு அசல் பாறைக்கு மேல அச்சு எடுத்து மூடியிருக்காங்க. அதனால தயங்காம உங்க காலையும் வெச்சுப் பாருங்க, எல்லாரும் வெப்பாங்க. பன்றி மங்கலா இருக்கும், சாயங்கால வெயில்ல நல்லா தெரியும்.

இங்க தோண்டினப்போ கிடைச்சதைக் கேட்டா ஆச்சரியமா இருக்கும். நகை வார்க்கிற அச்சுங்க, இன்னைக்கு பிரான்ஸா இருக்கிற பக்கத்துல இருந்து வந்த பானை ஓடு, மத்தியதரைக் கடல் பக்கத்துல கிடைக்கிற ஒரு மஞ்சள் கனிமத்துண்டு, கையெழுத்துப் புத்தகத்துக்கு வண்ணம் போடறது அது. இந்தச் சேத்து நிலத்துக்கு நடுல உக்காந்துட்டு தென் ஐரோப்பா வரைக்கும் யாவாரம் பண்ணியிருக்காங்க. மேல ஏறினா ஆட் ஆறு பாம்பு மாதிரி வளைஞ்சு போறதும், மோயின் வோர் சதுப்பு நிலமும், தூரத்துல ஜூரா தீவு மலையும் தெரியும். ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா மியூசியம், கல்லறை வரிசை, டனாட். மத்ததை விட்டுடலாம்.

அக்னாப்ரெக், கார்னாசரி

அக்னாப்ரெக் கேர்ன்பான் பக்கம் காட்டுக்குள்ள இருக்கு, பிரிட்டன்லயே பெரிய குழி-வட்டப் பாறைச் செதுக்கல்ல இது ஒண்ணு. ஒரு குழி, அதைச் சுத்தி வட்டத்துக்குள்ள வட்டம், சிலது ஒரு மீட்டர் கிட்ட அகலம். எதுக்கு செதுக்கினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஆராய்ச்சியாளர்கள் யாருக்கும் தெரியாது, ஆளுக்கொரு தியரிதான். உச்சி வெயில்ல போனா சப்பையா இருக்கும். காலையில சீக்கிரமோ சாயங்காலமோ, இல்ல மழை விட்ட உடனேயோ போங்க, ஈரப் பாறையில கோடு பளிச்சுனு தெரியும். பாறை மேல ஏறி நடக்காதீங்க, பாக்கறதுக்கு மேடை கட்டி வெச்சிருக்காங்க.

கார்னாசரி கோட்டை கிராமத்துக்கு வடக்கால ரெண்டு கிலோமீட்டர். 1560கள்ல ஜான் கார்ஸ்வெல்ங்கற மதகுரு கட்டினது. 1567ல வந்த முதல் அச்சு கேலிக் புத்தகம் இவர் வேலைதான், புராட்டஸ்டன்ட் வழிபாட்டு முறையை கேலிக்ல மொழிபெயர்த்தார். 1685ல ஆர்கைல் பிரபு ராஜாவுக்கு எதிரா கிளம்பினப்போ கோட்டையை வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க, சுவர்தான் மிச்சம், ஆனாலும் பாக்க கம்பீரமாத்தான் இருக்கு. வாசலுக்கு மேல கேலிக்ல ஒரு வரி செதுக்கியிருப்பாங்க, அண்ணாந்து பாருங்க.

மத்தியானத்துக்கு மேல: க்ரினான் கால்வாய், அப்புறம் நாப்டேல்

கல்லு போதும்னு வீட்டுல குரல் வந்தாச்சுன்னா நேரா க்ரினான். 1801ல திறந்த கால்வாய், ஆர்ட்ரிஷேக்ல இருந்து க்ரினான் வரைக்கும் ஒன்பது மைல், 15 லாக். இந்த லாக் ஏரி இல்ல, தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கிப் படகை விடற கதவு போட்ட தொட்டி. கின்டைர் தீபகற்பத்தைச் சுத்திப் போற மோசமான கடல் வழியை மிச்சப்படுத்த வெட்டினது, 1847ல விக்டோரியா ராணி கூட இது வழியா போனாங்க. கரையோரமா சமமான நடைபாதை, குழந்தை வண்டி தள்ளிட்டே போகலாம், சைக்கிள் ஓட்டலாம். படகு வந்தா லாக் கதவை திறந்து மூடறதை நின்னு பாருங்க, பசங்களுக்கு ரெண்டு நாள்ல இதுதான் ரொம்பப் பிடிக்கும்னு பந்தயமே கட்டலாம். க்ரினான் முனையில காபி கிடைக்கும், எதிர்க் கரையில டன்ட்ரூன் கோட்டை.

அந்தக் கோட்டையை 1792ல வாங்கின மால்கம் குடும்பம்தான் பொல்டல்லோக் எஸ்டேட்டோட சொந்தக்காரங்க, பின்னாடி இந்தப் பள்ளத்தாக்குல பெரும்பகுதி அவங்க கைக்கு வந்துச்சு. பணத்துல பெரும் பங்கு ஜமைக்காவுல அடிமைகளை வெச்சு நடத்தின தோட்டங்கள்ல இருந்து வந்தது. 1848ல கால்வாய்க்குத் தெற்கால நாப்டேல் பக்கம் அரிகோனன்ங்கற கிராமத்துக் குடியானவங்களை வெளியேத்த ஆள் அனுப்பினப்போ ஜனங்க எதிர்த்து நின்னாங்க, கலவரமாகி வழக்கு வரைக்கும் போச்சு, கடைசியில ஊர் காலியாயிடுச்சு. அந்தக் கூரையில்லாத வீடுங்க இன்னும் காட்டுக்குள்ள நிக்குது, நடந்து போய்ப் பாக்கலாம். அடுத்த வருஷமே அந்தக் குடும்பம் பொல்டல்லோக் ஹவுஸ்னு புது மாளிகை கட்ட ஆரம்பிச்சாங்க, 1957ல அதோட கூரையையும் கழட்டிட்டாங்க, இப்போ அதுவும் வெறும் சுவர்தான். கோட்டை, கல்லறைன்னு பாத்துட்டு வர்றவங்க அரிகோனனை விட்டுட்டு வந்தா இந்த ஊர் வரலாறுல ஒரு பக்கத்தைக் கிழிச்ச மாதிரின்னுதான் எனக்குத் தோணும்.

அதே காட்டுல பீவர் இருக்கு, மரத்தைக் கடிச்சுச் சாய்ச்சு தண்ணில அணை கட்டுற மிருகம். ஸ்காட்லாந்துல வேட்டையாடி அழிஞ்சுபோன மிருகத்தை 2009ல நார்வேல இருந்து கொண்டுவந்து விட்டாங்க. பீவரைப் பாக்கணும்னா சாயங்காலம் இருட்டுற நேரத்துல சத்தம் போடாம காத்திருக்கணும், ஆளைப் பாக்கலன்னாலும் பென்சில் சீவின மாதிரி கடிச்சு வெச்ச மரத்தையாவது கட்டாயம் பாப்பீங்க.

கடைசியா சில நடைமுறை விஷயம்

கல்லறைங்க, கல் வட்டம், டனாட், அக்னாப்ரெக் எதுக்கும் டிக்கெட் கிடையாது, பெரும்பாலானதை ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்துங்கற அரசு அமைப்புதான் பாத்துக்குது. ஸ்காட்லாந்துல 2003 சட்டப்படி பொறுப்பா நடந்துக்கிட்டா பெரும்பாலான நிலத்துல நடக்க உரிமை உண்டு, ஆனா கேட் திறந்திருந்தா திறந்தபடி, மூடியிருந்தா மூடினபடி விட்டுட்டுப் போகணும். ஏப்ரல், மே ஆட்டுக்குட்டி போடுற காலம், கிட்ட போய்க் கொஞ்சக் கூடாது, நாய் இருந்தா கயிறு கட்டாயம். கெய்ர்ன்ல இருந்து ஒரு சின்னக் கல்லைக் கூட எடுக்காதீங்க, மேல அடுக்கி வெச்சு போட்டோவும் எடுக்காதீங்க. மெட்டல் டிடெக்டரை இந்த இடங்கள்ல அனுமதி இல்லாம பயன்படுத்துறது குற்றம்.

புல்லுலயும் புதர்லயும் டிக்னு ஒட்டுண்ணி இருக்கும், லைம் காய்ச்சல் பரப்பும். பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கங்க, ராத்திரி ரூமுக்கு வந்ததும் முட்டி மடிப்பு, இடுப்பு, பசங்களுக்கு காது பின்னாடி, முடி ஓரம் எல்லாம் பாருங்க, இருந்தா ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. போன் சிக்னல் பாதி இடத்துல வராது, மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வெச்சுக்கங்க. திரும்பறப்போ ஓபான் பக்கம் போறவங்க லாக்கில்ப்ஹெட்லயே டேங்க்கை ரொப்பிட்டுக் கிளம்புங்க.